அச்சம் பிறக்கும் முதல் நிமிடம்

1954-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அந்த நாள்’ துப்பாக்கி ஓசையோடு தொடங்குகிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு வீழ்கிறான். சுட்டவர் யார் என்பது தெரிவதில்லை. பாட்டே இல்லாத அப்படத்தை இறுதிவரை காணவைப்பது, இயக்குநர் எஸ். பாலசந்தர் தொடக்கத்திலேயே எழுப்பிய அவ்வொரு வினாவேயாகும். 1986-இல் ‘ஊமை விழிகள்’ என்னும் மர்மப் படத்தை உருவாக்கியவர்கள் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள். ஆகவே இக்கலை மாணவர்க்கு எட்டாததன்று.

இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் தமிழ் மாணவன் ஒருவன் இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சி எடுக்க விரும்புவதாகக் கொள்வோம். படிப்படியாய் இறங்கும் பூண்டு வயலும் மூடுபனியுமே அவனுக்குப் போதும். விடியலில் வயலுக்கு வரும் தாய், மண்வெட்டி மட்டும் கிடக்கக் காண்கிறாள், மகனைக் காணவில்லை. பெயர் சொல்லி அழைக்கிறாள், மறுமொழி இல்லை. அவ்வளவில் நிறுத்திவிட வேண்டும். காரணத்தைக் கூறிவிட்டால் அச்சம் கலைந்துவிடும். அவள் குரலும் அவ்வூர்த் தமிழாகவே இருத்தல் வேண்டும்; கடன் வாங்கிய பேச்சை எவரும் நம்பார்.

இதனை மதிப்பிடுவது எங்ஙனம்? கதையறியாத ஐவருக்குக் காட்டி, “அடுத்து எதை அறிய விரும்புகிறீர்கள்?” என்று மட்டும் கேட்க வேண்டும். ஐவரும் ஒரே வினாவை எழுப்பினால் வெற்றி. வெவ்வேறாயின் காட்சி சிதறியிருக்கிறது. பின்னர் ஒலியை அடக்கிப் பார்க்கலாம். கண்ணை மூடிக் கேட்கலாம். ஒன்றை நீக்கியும் குறை தோன்றாவிடில், அது தன் பணியைச் செய்யவில்லை என்பது தெளிவு.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளும் தாம் வாழும் தெருவிலேயே இதனை முயன்று பார்க்கலாமன்றோ?