பெண்ணுடையில் தெருவில் இறங்கியவர்கள்

ஆணாகப் பிறந்து, ஆணாகவே வேலைக்குப் போய், மனைவி மக்களோடு குடும்பம் நடத்திக்கொண்டு, வாய்க்கும் நேரத்தில் மட்டும் பெண்ணுடை உடுத்திக்கொள்பவர்களை கிராஸ் டிரெஸ்ஸர் என்பார்கள். இவர்களும் திருநங்கையரும் ஒன்றல்ல. திருநங்கை தன்னைப் பெண்ணாகவே உணர்கிறார். முழு நேரமும் அப்படியே வாழ நினைக்கிறார். கிராஸ் டிரெஸ்ஸரோ ஞாயிறு இரவு விக்கைக் கழற்றி வைத்துவிட்டு, திங்கள் காலை கோட்டும் டையுமாக அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறவர். இடைப்பட்ட எல்லை எல்லோருக்கும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம். இவர்கள் உடுத்துவதற்கான காரணங்களைப் பற்றி மருத்துவர்கள் நூறாண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். அந்த உடையோடு ஒரு கடைக்கோ உணவகத்துக்கோ எப்படிப் போய்வந்தார்கள் என்பதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. அந்தக் கதை ஓரளவு முழுமையாகப் பதிவாகியிருப்பது 1950, 60களின் அமெரிக்காவில்தான்.

அங்கே முதல் தடை சட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல அமெரிக்க நகரங்கள் ஒருவர் தம் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொது இடத்தில் தோன்றுவதைக் குற்றமாக்கின. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1848இல் அப்படி ஒரு விதி போட்டது. சான் பிரான்சிஸ்கோ 1863இல் கொண்டுவந்த விதி 1974 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

நியூயார்க் மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 1840களில் கேட்ஸ்கில் மலைப்பகுதியிலும் ஹட்சன் ஆற்றோரத்திலும் குத்தகை விவசாயிகள் பெருநிலக்கிழார்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க ஆட்டுத்தோல் முகமூடியும் பூப்போட்ட சீட்டித்துணி அங்கியும் அணிந்துகொண்டு சட்ட அதிகாரிகளை விரட்டினார்கள். அவர்களை அடக்குவதற்காக, முகத்தை மறைத்தோ மாறுவேடத்திலோ திரிவதைத் தண்டிக்கும் சட்டம் 1845இல் வந்தது. கிளர்ச்சி ஓய்ந்தது, சட்டம் ஓயவில்லை. நூறாண்டு கழித்து நியூயார்க் போலீஸ் அதே சட்டத்தைக் கொண்டுதான் பெண்ணுடையில் வந்த ஆண்களைப் பிடித்தது. 1968இல் தீர்ப்பான ஒரு வழக்கில், சுரங்க ரயில் நடைமேடையில் நின்றவர் அணிந்திருந்த வெள்ளை கவுன், குதிகால் செருப்பு, பொன்னிற விக், முகப்பூச்சு எல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. அவர் யாரையும் ஏமாற்ற நினைத்ததாகவோ வேறு குற்றம் செய்ததாகவோ நிரூபிக்கத் தேவையில்லை, வேடமே போதும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உடம்பில் மூன்று ஆண் துணிகளாவது இருந்தால் போலீஸ் தொடாது என்றொரு நம்பிக்கை அந்தக் காலத்தில் பரவியிருந்தது. அப்படி எழுதப்பட்ட சட்டம் எதுவும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அதை நம்பி, கவுனுக்குள்ளே ஆண் பனியனும் காலுறையும் போட்டுக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்: அக்டோபர் 31, ஹாலோவீன். குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ந்துகொண்டு பெண் வேடம் கட்டும் ஆணுக்கு ஊரே காணிக்கை போடுவதை அறிந்தவர்களுக்கு, வேடத்துக்கென்று ஊர் ஒதுக்கித் தரும் நாளின் அருமை புரியும். ஹாலோவீனில் நேர்த்திக்கடன் கிடையாது; வேடிக்கை என்ற போர்வை உண்டு.

மற்ற நாட்களில் துணியை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடு. கார் டிக்கியில் பூட்டிய பெட்டி, பரண், கராஜின் மேல்தட்டு, தபால் நிலையத்தில் வாடகைக்கு எடுத்த பெட்டி எண் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஏற்பாடு. கடையில் கேட்டால், "மனைவிக்குப் பிறந்தநாள்" என்ற பதில் எப்போதும் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். கவுனை அப்படி வாங்கிவிடலாம். செருப்புதான் சிக்கல்: ஆண் பாதத்துக்கேற்ற அளவில் பெண் செருப்பு கிடைப்பது அரிது, போட்டுப் பார்க்கவும் வழியில்லை. எனவே அஞ்சல் வழியாகப் பொருள் அனுப்பும் கடைகள் இவர்களுக்குப் பெரிய உதவி. இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை ஒருநாள் குற்ற உணர்ச்சி தாங்காமல் மொத்தமாகக் குப்பையில் போட்டுவிட்டு, "இனி இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். சில மாதங்களில் மறுபடி முதல் காலுறை வாங்கப்படும். ஏறக்குறைய எல்லோருடைய வாழ்க்கையிலும் இந்தச் சுற்று ஒருமுறையாவது நடந்திருக்கிறது.

அடுத்தது ஒப்பனை. அந்தக் காலத்து ஃபேஷன் இவர்கள் பக்கம் இருந்ததென்றே சொல்ல வேண்டும். கையுறை அணிவது அன்றைய பெண்களின் வழக்கம். அது எலும்பு தெரியும் பெரிய கைகளை மறைத்தது. கழுத்தை ஒட்டிய முத்துமாலையும் ஸ்கார்ஃபும் குரல்வளை மேட்டை மறைத்தன. 1960களில் பெண்களே நாகரிகத்துக்காக விக் அணியத் தொடங்கியபின் விக் வாங்குவதும் எளிதாயிற்று. மழித்த பின்னும் தாடையில் தங்கும் நீல நிழல்தான் ஏமாற்ற முடியாத எதிரி. நாடகக்காரர்கள் பூசும் கெட்டியான ஃபவுண்டேஷனைத் தடவி, மேலே பவுடர் ஒற்றினால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வெயிலில் நடந்தால் அதுவும் வழியும்.

முதல் வெளிப்பயணம் பெரும்பாலும் இரவில், காரில். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம். தைரியம் வந்தால் தெருமுனைத் தபால் பெட்டிவரை நடை. கார் பாதுகாப்பான கூடுபோலத் தோன்றினாலும், போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினால் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது ஆணின் பெயர். பின்விளக்கு எரிகிறதா, வேகம் சரிதானா என்று அவர்கள் அளவுக்குக் கவனித்த ஓட்டுநர்கள் இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த படி, பட்டப்பகலில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்ப்பதில்லை என்பதை அனுபவசாலிகள் கண்டுபிடித்திருந்தார்கள். கண்ணைப் பறிக்கும் உடை கூடாது. வயதுக்கேற்ற, அக்கம்பக்கத்துக் குடும்பத்தலைவி மார்க்கெட்டுக்குப் போட்டுவரும் உடை வேண்டும். பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உணவகத்தில் கழிவறைக்குப் போகாமலே சமாளிக்க வேண்டும். கடைக்காரர் வழக்கமான குரலில் பேசி, சில்லறையை எண்ணிக் கொடுத்து, அடுத்தவரைப் பார்க்கத் திரும்பினால் அதுதான் வெற்றி. இத்தனை ஏற்பாடும் யாருடைய கவனத்துக்கும் வராமல் இருப்பதற்காகத்தான்.

இந்த அனுபவங்களை அச்சில் கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த வர்ஜீனியா பிரின்ஸ். 1912இல் பிறந்தவர், மருந்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தலைக்கு 4 டாலர் தந்த 25 பேரை வைத்துக்கொண்டு 1960இல் ‘டிரான்ஸ்வெஸ்டியா’ என்ற இதழைத் தொடங்கினார். வாசகர்களின் முதல் வெளிப்பயணக் கதைகள் அதில் ஓயாமல் வந்தன. தபால் துறையோ இப்படிப்பட்ட கடிதங்களை ஆபாசமாகக் கருதியது. தனிப்பட்ட கடிதம் ஒன்றுக்காக பிரின்ஸ் மீது வழக்குப் பாய்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகாமல் தப்பினார். ஆனால் நன்னடத்தைக் காலத்தில் பெண்ணுடையில் வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை. அவருடைய வழக்கறிஞர் அதிலும் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்: சங்கங்களில் இதைப் பற்றி விளக்கிப் பேசும்போது மட்டும் உடுத்தலாம் என்று அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

1961இல் பிரின்ஸ் உள்ளூர்ச் சந்தாதாரர்களை ஒரே அறைக்கு அழைத்தார். வருபவர்களில் போலீஸின் ஆள் யாராவது இருந்தால்? எல்லோரும் ஆண் உடையில் வர வேண்டும். பையில் ஒரு ஜோடி நைலான் காலுறையும் குதிகால் செருப்பும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார். கூட்டம் தொடங்கியதும் அனைவரும் ஒரே நேரத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டார்கள். காட்டிக்கொடுக்க நினைப்பவரும் அதே குற்றத்தில் மாட்டிக்கொள்வார் என்ற கணக்கு! ‘காலுறை – குதிகால் செருப்பு’ என்று பொருள்படவே, அப்படி உருவான சங்கத்துக்குப் பெயரும் அமைந்தது.

கிழக்குக் கரையில் இதற்கு இணையாக ஒரு வீடு இருந்தது. சுசன்னா வேலன்டி என்ற பெயரில் ‘டிரான்ஸ்வெஸ்டியா’வில் பத்தி எழுதியவர், வெளியுலகில் வானொலியிலும் நீதிமன்ற மொழிபெயர்ப்பிலும் வேலை பார்த்த ஆண். அவருடைய மனைவி மரி, மன்ஹாட்டனில் விக் கடை நடத்தினார். சகோதரிக்கு என்று சொல்லி விக் வாங்க வந்தவரிடம், "அது உங்களுக்குத்தானே" என்று மரி கேட்டதிலிருந்து இருவரின் உறவு தொடங்கியதாகச் சொல்வார்கள். கேட்ஸ்கில் மலையில் இருந்த மரியின் நிலத்தில் முதலில் ஒரு விடுதி நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் பெண்ணாக வாழ்ந்த பிரெஞ்சு ராஜதந்திரி ஷெவாலியே தியோனின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1960களின் நடுவில் அதை விட்டுவிட்டு, பக்கத்து ஊரில் ‘காசா சுசன்னா’ தொடங்கியது. ஒரு காலத்தில் விவசாயிகள் சீட்டி அங்கியில் திரிந்து சட்டம் வரக் காரணமான அதே மலைப்பகுதி என்பதை அங்கே வந்த எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

விமானி, கணக்காளர், நூலகர், வணிகர் என்று வெள்ளிக்கிழமை மாலையில் கார்கள் வரும். அவரவர் ஆண் பெயர் காரோடு நின்றுவிடும். அங்கே எடுத்த படங்களில் அவர்கள் ஸ்கிராபிள் ஆடுகிறார்கள், சமையலறையில் நிற்கிறார்கள், புல்வெளி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெயில் காய்கிறார்கள். களியாட்டத்தை எதிர்பார்த்து அந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஏதோ மகளிர் மன்றத்தின் சுற்றுலா ஆல்பம்போல இருக்கும். முந்தைய விடுதியில் நடந்த 1962 ஹாலோவீன் கூட்டத்துக்குப் பாலியல் ஆய்வுக்குப் பேர்பெற்ற கின்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். படம் எடுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு: ஃபிலிமைக் கழுவக் கடையில் கொடுத்தால் ரகசியம் வெளியாகும். ஆகவே விருந்தினரில் ஒருவரே வீட்டில் கழுவிப் பிரதி எடுத்துக் கொடுத்தார். உடனுக்குடன் படம் வரும் போலராய்டு காமிராவும் கைகொடுத்தது.

மனைவிமார்களின் நிலை தனிக் கதை. திருமணத்துக்கு முன்பே சொன்னவர்கள் குறைவு; பரணில் பெட்டியைக் கண்டு, கணவனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று நினைத்து அழுத பிறகு உண்மை தெரிந்தவர்கள் அதிகம். மரி மாதிரி சமைத்துப் போட்டு, விக்கைச் சீவிக் கொடுத்தவர்கள் அபூர்வம். பிரின்ஸ் 1967இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதி, ஒத்துழைக்கும் அளவைப் பொறுத்துப் பள்ளிக்கூட மதிப்பெண் போல மனைவிகளைத் தரம் பிரித்தார். பெண்மையைப் போற்றுவதாகச் சொன்ன ஒருவர் பெண்களுக்கு மார்க் போட்டது, இன்று படிக்கும்போது உறுத்துகிறது.

அவர் போட்ட வேலியும் ஒன்று உண்டு. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை மூலம் பெண்ணாக மாற நினைப்பவர்களுக்கும் சங்கத்தில் இடமில்லை. ‘நாங்கள் ஒழுங்கான குடும்பஸ்தர்கள், உடை மட்டும்தான் வேறு’ என்று உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. சட்டமும் ஊரும் நெருக்கிய காலத்தில் அந்த உத்தி புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் தங்களைவிடப் பலவீனமானவர்களை வெளியே நிறுத்தித்தான் அந்த மரியாதையை அவர்கள் சம்பாதித்தார்கள். வேலிக்குள் இருந்தவர்களே அதற்குள் நிற்கவுமில்லை. பிரின்ஸ் 1968 முதல் 2009இல் இறக்கும்வரை பெண்ணாகவே வாழ்ந்தார், அறுவைச் சிகிச்சை இல்லாமல். சுசன்னாவும் முழுநேரப் பெண் வாழ்க்கைக்கு மாறப்போவதாகத் தன் பத்தியில் எழுதினார். கேட்ஸ்கில் விடுதிக்கு வந்துபோன ஆஸ்திரேலிய நூலகர் காத்தரின் கம்மிங்ஸ், பல ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறி, 1992இல் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார்.

1960களின் கடைசியில் காசா சுசன்னா மூடப்பட்டது. சுமார் 35 ஆண்டுகள் கழித்து மன்ஹாட்டனின் பழைய பொருள் சந்தை ஒன்றில் ராபர்ட் ஸ்வோப் என்பவர் கண்ணில் பட்ட படக்கட்டு, 2005இல் புத்தகமாக வந்தது. அதிலிருந்து 2014இல் ஹார்வி ஃபியர்ஸ்டீனின் பிராட்வே நாடகமும் 2022இல் செபாஸ்தியன் லிஃப்ஷிட்ஸின் ஆவணப்படமும் பிறந்தன.

சட்டமோ 1970களிலேயே தளர்ந்துவிட்டது. கொலம்பஸ் நகர விதியை ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1975இல் செல்லாது என்றது. சிகாகோவின் விதி 1978இல் இல்லினாய் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. எது ஆண் உடை, எது பெண் உடை என்று போலீஸ்காரர் தெருவில் நின்று தீர்மானிப்பது நாளுக்கு நாள் அபத்தமாகியிருந்தது. பெண்கள் ஜீன்ஸும் ஆண்கள் தோள்வரை முடியுமாகத் திரிந்த காலம் அது.

1975 அக்டோபரில் மாசசூசெட்ஸ் கடற்கரையின் பிராவின்ஸ்டவுனில் ‘ஃபேன்டேஷியா ஃபேர்’ தொடங்கியது. கேட்ஸ்கில்லைப் போல ஒதுக்குப்புற விடுதி வேண்டாம், ஊருக்குள்ளேயே தங்கிப் பழகலாம் என்பது இதன் நோக்கம். பல நாட்கள் பெண்ணுடையிலேயே விடுதியில் தங்கி, உணவகத்தில் சாப்பிட்டு, கடைவீதியில் பொருள் வாங்கி, உள்ளூர்க்காரர்களோடு பேசிப் பழகினார்கள். சுற்றுலாப் பருவம் முடிந்து வியாபாரம் மந்தமாகும் மாதம் அது. பணம் கொடுத்துத் தங்கும் விருந்தினர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பதைப் பற்றிக் கடைக்காரர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.