ஊருக்குப் போக முடியாதவர்களின் பொங்கல்

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொலைக்காட்சியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். தோளில் பை, இடுப்பில் குழந்தை, சிறப்புப் பேருந்தைத் தேடி ஓடும் கூட்டம். "சென்னையே காலியாகிறது" என்று செய்தி வாசிப்பார்கள். காலியாவதில்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பொங்கல் வியாபாரம் முடியும்வரை நின்றுகொண்டே துணி எடுத்துக் காட்டும் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, கிண்டியிலும் அடையாற்றிலும் படிக்கும் வெளிமாநில மாணவர், வேலையில் சேர்ந்து சில வாரமே ஆனதால் விடுப்புக் கேட்கத் தயங்கும் இளைஞர் என்று பட்டியல் நீளும்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்து, பக்கத்தில் சொந்தபந்தம் யாரும் இல்லாமல் முதல் பொங்கலைக் கழிக்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தீபாவளியைக் கூடப் பட்டாசுச் சத்தத்தில் கடந்துவிடலாம். பொங்கல் அப்படியில்லை. வாசலும் அடுப்பும் வீட்டு மனிதர்களும் வேண்டிய பண்டிகை இது. அதனால்தான் விடுதி அறையில் அன்று காலை கண் விழிப்பது அவ்வளவு கனமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் முன்கூட்டித் தயாரானால், தனியாக இருப்பவருக்கும் இந்த நான்கு நாள் நல்ல நாளாக அமையும்.

முதலில், போகவே முடியாதா என்று பார்த்துவிடுங்கள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. தை முதல் தேதி ஜனவரி 14 அல்லது 15இல் வரும். அப்படியானால் நவம்பர் நடுவில், முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். தென்மாவட்ட ரயில்களில் சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். அதைத் தவறவிட்டவர்களுக்கு அரசுச் சிறப்புப் பேருந்து இருக்கிறது.

விடுமுறை விஷயத்தில் ஒரு சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளோடு, மேலும் ஐந்து பண்டிகை நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்தில் பொதுவாகப் பொங்கல் இருக்கும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. பண்டிகை அன்று வேலைக்கு வரச் சொன்னால், இதில் எது கிடைக்கும் என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது சாப்பாடு. பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மெஸ்களில் சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் ஊருக்குப் போகிறவர்கள்தானே. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் நீங்கள் தினமும் சாப்பிடும் மெஸ் இரண்டு மூன்று நாள் பூட்டியிருக்கலாம். எந்த நாள் இருக்காது என்று முன்கூட்டியே மெஸ் நடத்தும் அண்ணாச்சியிடம் கேட்டுவிடுங்கள். பால், தயிர், ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொண்டால் பண்டிகை நாளில் பசியோடு தெருத்தெருவாக அலைய வேண்டாம். பசியோடு இருக்கும்போது தனிமை இரண்டு மடங்காகத் தெரியும்.

போகி காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். விடியும் முன்பே பழையதை எரிக்கிறார்கள், பிள்ளைகள் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றுகிறார்கள். மேளம் கேட்க நன்றாக இருக்கும், புகை ஆகாது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆஸ்துமா இருப்பவர்கள் அன்று காலை வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

புகை அடங்கிய பிறகு, மாலையில், மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போய் வாருங்கள். சென்னையின் பொங்கலை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அது இதுதான். கட்டுக்கட்டாகச் சாய்த்துவைத்த கரும்பு, மண் ஒட்டிய மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, மண்பானை, கோலப்பொடி, பூசணித் துண்டு, மொச்சை. முழுக் கரும்பை விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நினைக்காதீர்கள். கேட்டால் துண்டு போட்டுத் தருவார்கள். ஒரு மஞ்சள் கொத்து மட்டுமாவது வாங்குங்கள். அறைக்குள் அந்த வாசனை வந்துவிட்டாலே பாதிப் பொங்கல் வந்துவிடும்.

இனிப் பொங்கலன்று காலை. விடுதியில் அடுப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் விடுதிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். மொட்டை மாடியைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மின்சார இண்டக்ஷன் அடுப்புதான் இருக்கிறது என்றால், அதில் மண்பானையும் சூடாகாது, வெண்கலப் பானையும் சூடாகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். குக்கரில் வைத்தால் பொங்கல் வெந்துவிடும், ஆனால் பொங்காது. அதனால் வாய் குறுகிய சின்னப் பாத்திரத்தில் முக்கால் அளவுக்குப் பால் ஊற்றி அதை முதலில் பொங்கவிடுங்கள்.

பால் விளிம்பைத் தாண்டும்போது "பொங்கலோ பொங்கல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை இது. ஜனவரி நடுவில் சென்னையில் அவர் ஆறரை மணி வாக்கில் எழுந்துவிடுகிறார், அவர் ஒருவர் கேட்டால் போதும்.

பால் பொங்கியதும் சர்க்கரைப் பொங்கல்: ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, ஐந்து டம்ளர் பாலும் தண்ணீருமாக ஊற்றிக் குழைய வேகவிடுங்கள். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டுவிட்டால் அரிசி அதற்குமேல் வேகாமல் விறைத்து நிற்கும். ஒன்றரை டம்ளர் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றி, கிளறி, நெய்யில் முந்திரியும் திராட்சையும் வறுத்துப் போட்டால் முடிந்தது. இந்த அளவு நான்கைந்து பேருக்கு வரும். குறைத்துப் போடாதீர்கள், அந்த அளவே இருக்கட்டும். மிச்சமிருக்கும் பங்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக் கதவைத் தட்டுவதற்காகத்தான் அது.

இந்தக் கதவைத் தட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்கத்து அறையில் இருப்பவர் பீகார்க்காரராக இருக்கலாம். அவர் வீட்டில் அதே நாள் மகர சங்கராந்தி, தயிரும் அவலும் எள்ளுருண்டையும் சாப்பிடும் நாள். அசாமிலிருந்து வந்தவருக்கு மாக் பிஹு. ஆந்திரக்காரருக்குச் சங்கராந்தி, போகியோடு சேர்த்தே. பஞ்சாபியருக்கு முந்தின நாள்தான் லோரி முடிந்திருக்கும். மொழி தெரியாமல், ஊர் தெரியாமல், அதே நாளில் அதே போலத் தன் அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கிறார்.

ஊரில் அன்று ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது "பால் பொங்கிச்சா?" என்றுதான். உங்கள் அம்மாவும் தொலைபேசியில் அதைத்தான் கேட்பார். "பொங்கிச்சும்மா" என்று சொல்ல முடிந்தால் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

யாராவது வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் தட்டாமல் போங்கள். "அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று ஒதுங்கிவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். பொங்கலன்று ஆள் கூடுவதை யாரும் சிரமமாக நினைப்பதில்லை. வெறும் கையோடு போக வேண்டாம். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் பூ போதும். பெரியவர்கள் இருந்தால் விழுந்து வணங்குங்கள். சாப்பிட்டதும் கிளம்பாமல், பாத்திரம் எடுத்துவைக்கக் கொஞ்சம் கை கொடுங்கள். அடுத்த வருடம் அவர்களே உங்களைத் தேடுவார்கள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பிராமணர் வீட்டுப் பெண்கள் அன்று விடியலில் மொட்டை மாடியில் மஞ்சள் இலையைப் பரப்பி, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறநிறமாகச் சோற்றை உருட்டிக் காக்கைக்கு வைப்பார்கள். கனுப்பிடி என்று பெயர். எங்கோ இருக்கும் உடன்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக வைப்பது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்காகவே ஒரு சடங்கு! விடுதியில் இருக்கும் பெண்கள் எந்தச் சாதியாக, எந்த மதமாக இருந்தாலும், தம்பியை நினைத்து ஒரு பிடி சோற்றை மாடிச் சுவரில் வைக்க எந்தத் தடையும் இல்லை. அதே நாள்தான் திருவள்ளுவர் நாளும். மயிலாப்பூரில் வள்ளுவருக்கே ஒரு கோயில் உண்டு. அப்படியே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காணும் பொங்கல் வெளியே போவதற்கான நாள். மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் கிண்டி சிறுவர் பூங்காவிலும் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு வந்து உட்காருவார்கள். கடலில் இறங்கக் காவல்துறை அன்று அனுமதிப்பதில்லை. தொலைந்துபோகாமல் இருக்கக் குழந்தைகளின் கையில் பெற்றோரின் எண்ணை எழுதிக் கட்டிவிடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர் காலையிலேயே போய்த் திரும்பிவிடலாம். நான் மாலையில்தான் போகச் சொல்வேன். வண்டியை எடுக்காமல் பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் கடற்கரை பக்கம்தான்.

இவை தவிர, 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில்தான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. தனியாகப் போனாலும் தனியாக இருப்பதாகத் தோன்றாத இடம். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மறுபடி வந்த சென்னை சங்கமத்தில் பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். எந்த நாள், எந்த மைதானம் என்பது வருடாவருடம் மாறும், செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இரவில் அறைக்குத் திரும்பி விளக்கைப் போடும்போது மனம் தாங்காமல் போகலாம். அழுகை வந்தால் அழுங்கள். நாள்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தி.நகரிலும் சொந்த வீட்டோடு, சுற்றத்தோடு இருப்பவர்களுக்கு. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அங்கே பல பல்கலைக்கழகங்கள், ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டு மாணவர்களின் பெயரை வாங்கி, உள்ளூர்க் குடும்பங்களோடு விருந்துக்குச் சேர்த்துவிடுகின்றன. இந்தத் தெருக்களிலிருந்து போய்ப் படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர், முன்பின் தெரியாத ஒரு வீட்டு மேசையில் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதே உபசாரத்தை நாம் இங்கே வந்தவர்களுக்குச் செய்ய எந்த ஏற்பாடும் வேண்டாம். உங்கள் கட்டடத்துக் காவலாளியை, எதிர் விடுதிப் பெண்ணை, மாடியில் வாடகைக்கு இருக்கும் பையனை அழையுங்கள். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் யாரும் வருவதில்லை. "பொங்கலன்று காலை எட்டரைக்கு வந்துடுங்க, இலை போட்டு வைக்கிறோம்" என்று நேரம் சொல்லி அழையுங்கள்.