பின்னிருக்கையில் நாய்க்கும் ஒரு பட்டை

2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை செல்லும் அந்தமான் டிரங்க் சாலையின் நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஜிர்காடாங் சோதனைச் சாவடி முதல் மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே, காவல்துறையின் துணையோடு, வாகனங்கள் அணிவகுத்து அதனைக் கடக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம், முந்திச் செல்வது, வழியில் நிறுத்துவது, படமெடுப்பது யாவும் விலக்கப்பட்டுள்ளன. பழங்குடியினர் பாதுகாப்புக்கென 1956ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒழுங்குமுறை இக்காப்பகத்துக்கு அரணாக நிற்கிறது.

இச்சாலையில் நாயோடு பயணம் செய்ய விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேறு எந்தச் சாலையிலும் திறந்த சன்னல் வழியே நாய் குதித்துவிட்டால், காரை ஓரம் கட்டி, இறங்கி, பெயர் சொல்லி அழைக்கலாம். இங்கே அது இயலாது. முன்னும் பின்னும் வாகனங்கள். இருபுறமும் நாம் காலடி வைக்கக் கூடாத காடு. இழந்த நாய் இழந்ததுதான். ஆகவே, நாயை உடன் அழைத்துச் செல்லலாமா என்பதை ஜிர்காடாங் சாவடியில் முன்கூட்டியே கேட்டறிவதும், அழைத்துச் செல்வதாயின் காருக்குள் முறையாகக் கட்டுவதும் இன்றியமையாதவை.

கட்டுவதற்கான முதற்காரணம் நாய் தப்பி ஓடுவது மட்டுமன்று; திடீரென்று பிரேக் பிடிக்கும்போது நிகழ்வது அதைவிடக் கொடியது. 40 கிலோமீட்டர் வேகம் குறைவென்றே பலரும் நினைக்கிறோம். அந்த வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். அது 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் வேகமெனில் அந்த உயரம் 14 மீட்டராகிவிடும். 20 கிலோ எடையுள்ள நாய் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்தில் ஒரு நொடியில் நின்றால், அது தாக்கும் விசை 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துக்கு ஒப்பாகும். அந்தத் தாக்குதல் பெரும்பாலும் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் பின்தலைக்கே நேரும். நாயிடம் அன்பில்லாதவர்கூடத் தம் கழுத்தின் பொருட்டேனும் அதனைக் கட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

சட்டம் என்ன சொல்கிறது? நாய்க்கு இருக்கைப் பட்டை அணிவிக்க வேண்டும் என்று நம் நாட்டில் தனி விதி இல்லை. ஆனால் ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறு நேரும் வகையில் எவரையும் அமர்த்தவோ எப்பொருளையும் வைக்கவோ கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவு கூறுகிறது. தேவையற்ற வேதனை உண்டாகும் விதத்தில் விலங்கை வண்டியில் ஏற்றிச் செல்வதை 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்போ தன் 57ஆம் விதியில் பட்டை, கூண்டு, தடுப்புக் கம்பி என்று பெயர் சொல்லியே அறிவுறுத்துகிறது. மடியில் நாயை அமர்த்திக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பவரை நம் ஊரில் வேடிக்கையாகப் பார்க்கிறோம், அது வேடிக்கையன்று.

இனி, எவ்வாறு கட்டுவது என்பதற்கு வருவோம். கழுத்துப் பட்டையில் சங்கிலியை மாட்டி, அதனை இருக்கைக் கம்பியில் கட்டுவதே பலரும் செய்வது. இது கூடவே கூடாது. மோதலின்போது முழு விசையும் குரல்வளையின் மேலும் கழுத்தெலும்பின் மேலும் இறங்கும். மார்பையும் தோளையும் சுற்றி அகலமாகப் படியும் ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டையே பொருத்தமானது. அதனைக் காரின் இருக்கைப் பட்டை பூட்டிலோ, குழந்தை இருக்கைக்கென அமைந்த இரும்பு வளையத்திலோ மாட்டலாம். இணைக்கும் வார் குட்டையாக இருத்தல் வேண்டும். நாய் அமரவும் படுக்கவும் திரும்பவும் இடம் இருந்தால் போதும்; முன்னிருக்கைகளுக்கு இடையே தலை நீட்டும் அளவுக்கு நீளம் வேண்டாம். நீண்டு சுருங்கும் ரப்பர் வார்கள் நாய்க்கு இதமாகத் தோன்றினாலும், மோதலில் நாயை நெடுந்தூரம் முன்னே வீசிவிடும்.

கடையில் வாங்கும் எல்லாப் பட்டைகளும் காக்கும் என்று நம்பிவிடலாகாது. அமெரிக்காவில் செல்லப் பிராணிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓர் ஆய்வு மையம் 2013இல், மோதலைத் தாங்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஹார்னஸ்களைப் பொம்மை நாய்களுக்கு அணிவித்துச் சோதித்தபோது, ஒன்றே ஒன்றுதான் தலைசிறந்ததாகத் தேறியது. மற்றவற்றுள் சிலவற்றில் தையல் பிரிந்தது. சிலவற்றில் கொக்கி உடைந்தது. எனவே வாங்கும்போது விளம்பரத்தைவிடக் கொக்கியைப் பாருங்கள். அது பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்கட்டும். தையல் பல வரிசைகளில் அமைந்திருக்கட்டும். மோதல் சோதனை செய்யப்பட்டதற்கான குறிப்பு உண்டா என்று கேளுங்கள்.

நம் தமிழகத்து நாய்களை வளர்ப்போர்க்குத் தனியே ஒரு சொல். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களுக்குத் தலை ஒடுங்கி, மார்பு ஆழ்ந்து, இடை மிகச் சிறுத்திருக்கும். சாதாரணக் கழுத்துப் பட்டை, பின்னோக்கி ஒரு முறை இழுத்தாலே தலை வழியே கழன்றுவிடும். லாப்ரடார் நாயை மனத்திற்கொண்டு தைத்த ஹார்னஸ் இவற்றின் மார்புக்கு இறுகலாகவும் இடைக்குத் தளர்வாகவும் அமையும். மார்பின் சுற்றளவை நூலால் அளந்து சென்று வாங்குவதே நல்லது. பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி.

அமர வேண்டிய இடம் பின்னிருக்கை. 2022 முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கைக்கும் காற்றுப்பை கட்டாயமாகிவிட்டது. அது விரியும் வேகம் மனித உடலை எண்ணி வகுக்கப்பட்டதேயன்றி, நாயின் முகத்தை எண்ணியன்று. சிறு நாய்களை உறுதியான கூடைக்கூண்டில் வைத்து, முன்னிருக்கைக்குப் பின்னால் தரையில் அசையாதபடி பொருத்தலாம். பெரிய நாய்க்கு, பின்பகுதி விசாலமான வண்டியில் கம்பித் தடுப்பும் கட்டிவைத்த கூண்டும் ஏற்றவை. புறப்படும் நாளன்றே இவற்றை முதன்முதலாக மாட்டினால் நாய் மிரளும். முதலில் வீட்டில் அணிவித்து, பிறகு நிற்கும் காரில் அமர்த்தி, அதன்பின் அபர்தீன் பஜார் வரை ஒரு சிறு சுற்று; இவ்வாறு இரண்டு வாரம் பழக்கினால் பெரும்பாலான நாய்கள் தாமே ஏறி அமரும். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பு உணவை நிறுத்திவிடுங்கள். இந்தச் சாலையின் வளைவுகள் மனிதர்க்கே குமட்டலை உண்டாக்கும்.

ஜிர்காடாங்கில் அணிவகுப்புக்காகக் காத்திருக்கும் நேரம் இன்னோர் இடர். தேநீர் அருந்த இறங்குவோர் நாயைக் காரில் விட்டுக் கதவை அடைக்கிறார்கள். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வெயிலில் நிற்கும் மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, ஈரம் ஆவியாவதாலேயே தன் சூட்டைத் தணிக்கிறது. நம் தீவுகளின் ஈரக்காற்றில் அந்த ஆவியாதலும் மந்தமாகிவிடும். ஒருவர் தேநீர் அருந்தும்போது மற்றொருவர் நாயோடு நிழலில் நிற்பதே இதற்குரிய தீர்வு.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியைப் படகில் ஏற்றிப் பாராடாங் தீவுக்குக் கடத்துவார்கள். எஞ்சின் இரைச்சலும் இரும்புத்தள அதிர்வும் நாயை அச்சுறுத்தும். அங்குள்ள அலையாத்திக் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் வாழ்கின்றன. நீரில் குதித்த நாயை மீட்க எவரும் இறங்க முடியாது. காரிலிருந்து இறக்குவதாயின் வரிசை மாறாமல் செய்யுங்கள்: முதலில் கைவாரை மாட்டுங்கள், அதைக் கையில் சுற்றிப் பிடியுங்கள், பிறகு இருக்கைப் பூட்டை விடுவியுங்கள், கடைசியாகக் கதவைத் திறவுங்கள்.

டிக்லிபூரை அடைந்த பின்னும் வாரை அவிழ்த்துவிட வேண்டாம். அதனருகே உள்ள காலிப்பூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. அக்கூடுகளைத் தோண்டுவதில் நாய்களே முன்னணியில் நிற்கின்றன. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்த பிறகே இத்தீவுகளில் நாய் காலூன்றியது. இங்குள்ள உயிர்கள் நாய்க்குப் பழக்கப்பட்டவை அல்ல.

கார் கடன் பெறும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு: விரிவான மோட்டார் காப்பீடு எடுத்தால் நாயின் சிகிச்சைக்கும் தொகை கிடைக்குமா? கிடைக்காது. சட்டத்தின் பார்வையில் நாய் உரிமையாளரின் உடைமை. மூன்றாம் தரப்பினரின் பொருளுக்கு நேரும் சேதத்தையே அப்பொறுப்புக் காப்பீடு ஏற்கிறது. பாலிசிதாரரின் சொந்த உடைமையையும் அவரது பொறுப்பிலுள்ள பொருளையும் அது விலக்கிவிடுகிறது. சொந்தச் சேதப் பகுதியோ காருக்கானது. நாய்க்கெனத் தனிப் பாலிசிகளைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில வழங்குகின்றன. அவற்றை எடுக்குமுன், வாகனப் பயணத்தில் நேரும் விபத்தும், நாய் காணாமற் போவதும் உள்ளடங்குமா என்பதை நிபந்தனைப் பக்கத்தில் படித்துப் பாருங்கள். தடுப்பூசிப் பதிவேட்டையும் கால்நடை மருத்துவரின் சான்றிதழையும் காரின் ஆவணங்களோடு ஒரே உறையில் வைத்துக்கொள்வது நலம். கப்பலிலோ விமானத்திலோ நாயை அனுப்பும்போது, அது பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் அற்றது என்னும் அச்சான்றிதழை 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் கோருகின்றன.