ஒரே கடிகாரம், இரண்டு திருத்தங்கள்

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் (விஎம்) எப்படிக் குடியிருக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். ஒவ்வொரு விஎம்மும் தனக்கென்று சிபியு, நினைவகம், வட்டு எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அந்தப் பாவனை நேரத்தில்தான் முதலில் வெளுத்துப்போகும். நினைவகத்தைப் பங்கு போடலாம். வெளியே ஓடும் நொடியைப் பங்கு போட முடியாதே.

2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னல், சாதாரண பிசிக்களில் டைமரை நொடிக்கு 1000 முறை தட்டச் சொன்னது. ஒவ்வொரு தட்டும் ஒரு டிக். அதை எண்ணிக்கொண்டே வந்தால் நேரம் தெரிந்துவிடும். நிஜ இயந்திரத்தில் இது சரி. விஎம்முக்கோ சிபியு முறைவைத்துத்தான் கிடைக்கும். 30 மில்லிநொடி காத்திருந்தால் 30 டிக் போச்சு, கடிகாரம் பிந்திவிடும். அதனால் தவறிய டிக்குகளை, விஎம்களுக்குச் சிபியுவைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் சேர்த்துவைத்து, முறை வந்ததும் மளமளவென்று அனுப்பியது. கெர்னலும் சும்மா இருக்கவில்லை. சிபியுவின் சுழற்சி எண்ணியைப் பார்த்துவிட்டு, தவறிய டிக்குகளைத் தானே கூட்டிக்கொண்டது. பால்காரருக்குக் கணவனும் மனைவியும் தனித்தனியே பணம் கொடுத்த கதைதான். பிந்திய கடிகாரம் இப்போது முந்தி ஓடியது!

பின்னால் கேவிஎம் ஹைப்பர்வைசரோடு வந்த கேவிஎம்-கிளாக் எண்ணும் வேலையையே விட்டுவிட்டது. ஹைப்பர்வைசர் ஒரு பொதுவான நினைவகப் பக்கத்தில், 'சுழற்சி எண்ணி இவ்வளவு காட்டியபோது நேரம் இவ்வளவு' என்று குறித்துவைக்கிறது. விஎம் எண்ணியை இப்போது படித்து, வித்தியாசத்தை நேரமாக மாற்றிக் கூட்டிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் முறைக்குக் காத்திருந்தாலும் கவலையில்லை. இதைவிட நேர்த்தியான தீர்வு இந்தத் துறையில் குறைவு என்பேன்.

ஆனாலும் வெளியுலக நேரத்தோடு ஒத்துப்போக, வலையமைப்பு வழியே நேரத்தைச் சரிபார்க்கும் என்டிபி வேண்டும். கடிகாரத்தை ஓட்டும் படிகத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே நாளுக்கு 86.4 மில்லிநொடி விலகும். ராத்திரி நிறுத்திவைத்த விஎம்மைக் காலையில் எழுப்பினால் விலகல் பல மணி நேரம். பழைய என்டிபிடி நிரல் 1000 நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால், வேறு அமைப்பு தராதவரை, வேலையை விட்டே போய்விடும். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகைப் பொதுவாகப் பொறுக்காத கெர்பரோஸ் என்ற உள்நுழைவுச் சோதனை உள்ளே விடாது. 30 நொடிக்கொருமுறை மாறும் ஓடிபி பொருந்தாது. லாகில் கேள்விக்கு முன்பே பதில் வந்திருக்கும்.

இன்று பலரும் என்டிபிடிக்குப் பதில் க்ரோனி என்ற நிரலைப் போடுகிறார்கள். நல்லது. ஆனால் அதோடு விஎம்முக்குள் நிறுவும் விஎம்வேர் டூல்ஸின் தொடர் நேர ஒத்திசைவையும் ஓடவிடுகிறார்கள். பழைய இரட்டைத் திருத்தம் வேறு வேடத்தில் வருகிறது: ஒன்று மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கும்போது மற்றது தடாலென்று தள்ளிவிடும். ஒன்றை நிறுத்துங்கள். க்ரோனி இருக்கட்டும்.

2012 ஜூன் 30 நள்ளிரவில் உலக நேரத்தில் கூட்டப்பட்ட ஒரே ஒரு நொடி, பல லினக்ஸ் சர்வர்களைத் திணறடித்தது. அந்த லீப் செகண்டைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)