தீவகமும் காசநோய்ச் சிகிச்சையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவகத்தில், ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தரைவழியாக யாழ்ப்பாண நகருடன் தொடர்புடையன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குமோ குறிகட்டுவானிலிருந்து கடல்வழியே செல்லல் வேண்டும். நெடுந்தீவுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். சோளகமும் வாடையும் மிகும் நாள்களில் அப்பயணம் தடைப்படுதலும் உண்டு. மாதக்கணக்காக இடையறாது மருந்துண்ண வேண்டிய காசநோய் இத்தீவினர் ஒருவரைப் பற்றின், கடல் அவருக்கு எத்துணை இடையூறாகும் என்பது ஆராயற்பாலது.

சயரோகம் எனவும் வழங்கும் இந்நோய் ஊழ்வினையாலோ குலவழியாலோ வருவதன்று. இதற்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்தமையை 1882 மார்ச் 24ஆம் நாள் பேர்லினில் றொபேட் கொக் வெளியிட்டார். நுரையீரற் காசமுடையார் இருமும்போது கிருமி காற்றிற் கலந்து, அதனைச் சுவாசிப்போரை அடைகின்றது. காற்றோட்டமற்ற அறையில் நெருங்கி வாழ்வார்க்கே இடர் மிகுதி. உண்கலத்தாற் பரவும் என அஞ்சி நோயாளரை ஒதுக்குதல் பொருந்தாது.

சித்த வைத்தியர் இருமலுக்கு ஆடாதோடையை வழங்குவர். அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புறோம்ஹெக்சின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. எனினும் சளி இளகுதல் வேறு. காசக்கிருமி அழிதல் வேறு.

கிருமியை அழிக்கும் ஸ்றெப்ரோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தனியே வழங்கின் கிருமி அதற்கு அடங்காத வன்மை பெறும் என்பதை 1948இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு காட்டிற்று. ஆகவே பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை உண்டாயிற்று.

அக்காலத்தில் நோயாளர் வீட்டைப் பிரிந்து சானற்றோரியத்தில் நெடுநாள் தங்குதலே சிறந்ததெனக் கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியது ஒரு தமிழ் நகரமாகும். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார், நோயாளர் சிலரைச் சானற்றோரியத்திலும் சிலரை அவர்தம் இல்லங்களிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு வழங்கினர். இல்லத்திருந்தோர் வறுமையும் நெருக்கமும் மிக்க சூழலில், குறைந்த உணவுடன் வாழ்ந்தவர். அவ்வாறிருந்தும் இருசாராரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் உறவினர்க்கும் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

தீவகத்தார்க்கு இதனினும் நற்செய்தி வேறில்லை. நோயாளர் கடல் கடந்து சென்று பல மாதம் தங்குதற்குப் பதிலாக, மருந்தே கடல் கடந்து அவர் இல்லத்தை அடையலாம். வழக்கமான சிகிச்சை இன்று ஆறு மாதத்தது. முதலிரு மாதங்கள் நான்கு மருந்துகளும், பின் நான்கு மாதங்கள் இரண்டும் வழங்கப்படும். இலங்கை அரசு இவற்றை இலவசமாகவே அளிக்கின்றது.

ஆயினும் இங்கு ஓர் இடர் உண்டு. சில வாரங்களில் இருமல் தணிந்து, உடல் தேறும். நோய் நீங்கியதெனக் கருதிப் படகேற மறுப்பார் பலர். எஞ்சிய கிருமிகளோ மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வன்மையும் அடையலாம். அந்நிலையில் சிகிச்சை நீளும், உயிருக்கும் ஆபத்தாகும். ஆதலின் நோயாளர் நாள்தோறும் மருந்துண்பதைப் பொறுப்புள்ள ஒருவர் நேரிற் காணுதல் வேண்டும். காற்றுக் காலத்திற்கு முன்பே தீவின் வைத்தியசாலையில் மருந்து சேமித்து வைத்தலும் இன்றியமையாதது.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிப்பின், நாணாது சளியைப் பரிசோதிப்பித்தல் கற்றார் கல்லார் யாவர்க்கும் கடனாகும். கடலைக் கடக்கப் படகுண்டு. நோயை மறைக்கும் நாணத்தைக் கடத்தற்கு, அயலார் அந்நோயாளரை வெறுத்தொதுக்காமையே துணை.