டில்லியைச் சுற்றலாம்... தாகத்தோடு வேண்டாம்!

"தண்ணி வேண்டாம்ப்பா... குடிச்சா பாத்ரூம் போகணும். நமக்காக பஸ் நிக்குமா?"

மே மாதம், டில்லி டூரிஸ்ட் பஸ். முன் ஸீட் மாமி காலையிலிருந்தே மகனிடம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குதுப்மினாரை (சுமார் 73 மீட்டர்!) அண்ணாந்து பார்த்தவர், தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிழலில் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்ததும்தான் தெளிந்தார்.

டூர் கிளம்பும் பெண்கள் பலரும் செய்கிற தப்பு இது. தலைசுற்றல் மட்டுமா? தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால் யூரினரி இன்ஃபெக்ஷனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். சர்க்கரைக்காரர்களுக்கு ரிஸ்க் இன்னும் ஜாஸ்தி. பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும், கைடு சரித்திரம் ஆரம்பிக்கும் முன்பே, 'டாய்லெட் எங்கே?' என்று கேட்டுவிடுங்கள். இதில் என்ன வெட்கம்?

தாமரைக் கோயிலில் செருப்பைக் கழற்றணும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தரை சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தடித்த சாக்ஸ் கைவசம் இருக்கட்டும். திங்கட்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், அந்தக் கோயிலும் செங்கோட்டையும் அன்று லீவு!

சாயங்காலம் இந்தியா கேட் வந்ததும் மாமி, அரைகுறை இந்தியில் கைடிடம் முதலில் விசாரித்தது... அதேதான்!