ஆள் சேர்ப்பதா, அணி சேர்ப்பதா?

உதைபந்தாட்ட ரசிகன் ஒவ்வொருவனும் தன்னளவில் ஒரு முகாமையாளனே. அவனுக்குச் சம்பளமில்லை, பொறுப்புமில்லை. ஆயினும் ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் ஆகுமுன் இன்னாரை நீக்க வேண்டும், இன்னாரை வாங்க வேண்டும் என்று தீர்ப்பு வழங்கிவிடுவான். ஆண்டுதோறும் கோடைகாலத்தில், ஐரோப்பியக் கழகங்கள் வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கப்படும் வாரங்களில், இத்தீர்ப்புகள் மழையெனப் பொழியும். இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திடம் நெடுங்காலப் பற்றுக்கொண்டவன் நான். அக்கழகத்தின் அணியை வலுப்படுத்துவது பற்றி எனக்கும் சில கருத்துகள் உண்டு. அவற்றை வெறும் ஆசைகளாக அடுக்காமல், கழகத்தின் வரலாற்றையே சான்றாக நிறுத்திச் சொல்ல விழைகிறேன்.

என் கருத்தின் சாரம் இதுதான்: குறை எவ்விடத்தில் உள்ளதென அறிந்து, அவ்விடத்துக்குரிய ஆளைத் தேடி, அவன் வேரூன்றக் காலமும் கொடுக்கும்போதே அணி வலுப்பெறுகிறது. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்துத் தெரிந்து வினையாடல் என இன்னோர் அதிகாரமும் வகுத்தார். ஆளைத் தேர்வது ஒரு திறமை. தேர்ந்தவனை உரிய வினையில் அமர்த்துவது வேறொரு திறமை. இன்றைய கழகங்கள் முன்னதற்குப் பணத்தைக் கொட்டுகின்றன; பின்னதைப் பல வேளைகளில் மறந்துவிடுகின்றன.

முதுகெலும்பு தேடிய ஷாங்க்லி

1959ஆம் ஆண்டு டிசம்பரில் பில் ஷாங்க்லி லிவர்பூலின் முகாமையாளராக வந்தபோது, கழகம் இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1954இல் கீழிறங்கிய அணி மீண்டும் மேலேற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. ஷாங்க்லி அணியை உற்றுநோக்கினார். அவருக்கு வேண்டியவர் இருவர்: பின்வரிசையின் நடுவே அசையாது நிற்கும் ஒருவர், முன்வரிசையின் நடுவே கோல் அடிக்கவல்ல ஒருவர். பணத்தைச் செலவிடக் கழக இயக்குநர்கள் தயங்கினர். ஷாங்க்லி விடவில்லை. 1961இல் ஸ்கொட்லாந்தின் மதர்வெல் கழகத்திலிருந்து 37,500 பவுணுக்கு இயன் சென்ற் ஜோன் வந்தார். டண்டீ யுனைற்றெட் கழகத்திலிருந்து ரொன் யேட்ஸ் வந்தார். யேட்ஸின் உயரத்தையும் உடற்கட்டையும் காட்ட, அவரைச் சுற்றி நடந்து பார்க்கும்படி பத்திரிகையாளர்களை ஷாங்க்லி அழைத்த கதை அந்நகரில் இன்றும் வழங்குகிறது.

விளைவு என்ன? 1962இல் அணி முதற் பிரிவுக்கு ஏறிற்று. 1964இல் லீக் வெற்றியீட்டியது. 1965இல், கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக எப். ஏ. கிண்ணத்தை வென்றபோது, மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் சென்ற் ஜோன். கிண்ணத்தைப் பெற்றுக்கொண்ட தலைவர் யேட்ஸ். இருவரும் முதுகெலும்பாய் நின்றதனால் ஏனையோரின் ஆற்றலும் வெளிப்பட்டது. சரியான இடத்தில் வைக்கப்பட்ட ஒரு தூண், சுற்றியுள்ள சுவர்களின் பாரத்தையும் குறைத்துவிடும்.

வெற்றிடமும் அவசரமும்

வலுப்படுத்தலில் இரண்டாவது பாடம், போகிறவனுக்கு முன்கூட்டியே மாற்று காண்பது. கெவின் கீகன் 1971இல் நான்காம் பிரிவுக் கழகமொன்றிலிருந்து லிவர்பூலுக்கு வந்து, புகழின் உச்சத்துக்கு உயர்ந்தவர். 1977இல் தாம் வெளிநாடு செல்லப்போவதாக அவர் முன்னரே அறிவித்துவிட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் ரோம் நகரில் லிவர்பூல் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதும், ஐந்து இலட்சம் பவுணுக்கு ஹம்பேர்க் கழகம் அவரை வாங்கிச் சென்றது. அப்போதைய முகாமையாளர் பொப் பெயிஸ்லி கலங்கவில்லை. 4,40,000 பவுணுக்குக் கிளாஸ்கோ நகரின் செல்ற்றிக் கழகத்திலிருந்து கெனி டல்கிலிஷை அழைத்துவந்தார். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் விழுந்த ஒரேயொரு கோலை அடித்தவர் அந்த டல்கிலிஷே. விற்றதிலும் குறைந்த விலைக்கு வாங்கி, இழந்ததற்கு ஈடான பயன் பெற்ற வியாபாரம் அது.

இதற்கு மறுதலையான கதையும் அக்கழகத்திலேயே உண்டு. 2011 ஜனவரி 31ஆம் நாள், கொடுக்கல் வாங்கலின் கடைசி மணித்தியாலங்களில், பெர்னாண்டோ ரொறெஸ் ஐந்து கோடி பவுணுக்குச் செல்சி கழகத்துக்கு விற்கப்பட்டார். அந்த வெற்றிடத்தை அன்றே நிரப்பும் அவசரத்தில் அன்டி கரோலுக்கு மூன்றரைக் கோடி பவுண் கொடுக்கப்பட்டது. கரோல் திறமையற்றவரல்லர், ஆனால் அவருடைய திறமைக்கு ஏற்ற ஆட்டமுறை அங்கே இருக்கவில்லை. 58 ஆட்டங்களில் 11 கோல்களோடு அவருடைய லிவர்பூல் வாழ்வு முடிந்தது. அதே நாளில் அதனிலும் குறைந்த விலைக்குக் கழகத்தில் சேர்ந்த லூயிஸ் சுவாரஸோ அணியின் உயிர்நாடியானார். விலை ஒருவனுடைய தகுதிக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமா?

அணை கட்டிய ஆண்டு

சுவாரஸ் இருந்த காலத்திலும் ஒரு குறை தீராதிருந்தது. 2013-14 பருவத்தில் லிவர்பூல் லீக் ஆட்டங்களில் 101 கோல்களை அடித்தது, கண்கொள்ளாக் காட்சி! ஆனால் 50 கோல்களை வாங்கிக்கொண்டது. முடிவில் இரண்டு புள்ளிகளால் வெற்றி கைநழுவியது. குளத்துக்கு நீர் எவ்வளவு வந்தாலும் அணை உடைந்திருந்தால் வயல் விளையாது.

அந்த அணையை அடைத்தவர் யுர்கன் குளொப். 2018 ஜனவரியில் பிலிப்பே கூட்டின்ஹோ பெரும்பணத்துக்குப் பார்சிலோனாவுக்கு விற்கப்பட்டபோது ரசிகர்கள் பலர் வருந்தினர். அதே மாதத்தில் ஏழரைக் கோடி பவுணுக்கு வேர்ஜில் வான் டைக் என்ற பின்காவலர் வாங்கப்பட்டார். அவ்வாண்டுக் கோடையில் கோல் காப்பாளர் அலிசன் பெக்கர் வந்துசேர்ந்தார். 2017-18 பருவத்தில் லீக்கில் 38 கோல்களை வாங்கிய அணி, அடுத்த பருவத்தில் வாங்கியவை 22 மட்டுமே. 2019இல் ஐரோப்பிய வெற்றிக் கிண்ணம்; 2020இல் முப்பது ஆண்டுக் காத்திருப்பின் பின் லீக் வெற்றி. பந்தை வித்தை காட்டி ஆடும் ஒருவரைக் கொடுத்து, பந்தைத் தடுக்கும் இருவரைப் பெற்றதன் பயன் அது. அவ்வணியின் இடப்புறப் பின்காவலர் அன்டி ரொபேட்சன், ஒருகாலத்தில் ஸ்கொட்லாந்தின் அடிமட்டப் பிரிவில் ஊதியமின்றி ஆடியவர்; 2017இல் கீழிறங்கிய ஹல் நகரக் கழகத்திலிருந்து எண்பது இலட்சம் பவுணுக்கு வாங்கப்பட்டவர் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் பெற்ற வெற்றி விழிப்பைக் குறைத்துவிடும். 2020 கோடையில் டெஜான் லொவ்ரென் என்ற நடுப் பின்காவலர் விற்கப்பட்டார். அவருக்கு மாற்றாக எவரும் வாங்கப்படவில்லை. அக்டோபரில் வான் டைக்கின் முழங்கால் காயமுற்றது. அடுத்த சில மாதங்களுக்குள் ஜோ கோமெஸும் ஜொயெல் மட்டிப்பும் காயத்தால் வீழ்ந்தனர். நடுவரிசை வீரர்கள் பின்வரிசைக்கு இறக்கப்பட்டனர்; நடுவரிசையும் வலுவிழந்தது. அறுபத்தெட்டு லீக் ஆட்டங்களாகச் சொந்த மைதானமான அன்பீல்டில் தோல்வியறியாதிருந்த அணி, 2021இன் தொடக்கத்தில் அங்கே தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. கடைசியில் கரைசேர உதவியவர்கள் நத் பிலிப்ஸ், றீஸ் வில்லியம்ஸ் என்ற பெயரறியாத இளைஞர் இருவர். அவர்கள் பின்வரிசையைக் காக்க, அணி மூன்றாம் இடத்தைப் பெற்றது. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பன்னிரண்டாமவனும் பதினைந்தாமவனும் எவ்வளவு பெறுமதியுடையவர்கள் என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

இரண்டு கோடைகள்

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024 கோடையில் ஆர்னே ஸ்லொட் புதிய முகாமையாளராகப் பொறுப்பேற்றார். அப்பருவத்தில் ஆடுவதற்கென வாங்கப்பட்ட வீரர் ஒருவரே: இத்தாலியரான பெடரிக்கோ கியேசா. அவரும் அதிகம் ஆடவில்லை. 'ஆள் சேர்க்காத அணி அழியும்' என்று பலரும் அன்று ஆரூடம் கூறினர். ஆனால் 2025இல் லிவர்பூல் தன் இருபதாவது லீக் வெற்றியைப் பெற்றது. முதல் ஆண்டில் புதுவீரராக வந்து, இரண்டாம் ஆண்டில் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்ட நடுவரிசையே அதற்குப் பெருங்காரணம். மக் அலிஸ்ரர், சொபொஸ்லாய், கிராவென்பேர்க் ஆகிய மூவரும் 2023இல் வந்தவர்கள்.

அடுத்த கோடையில் நிலைமை தலைகீழானது. நாற்பது கோடி பவுணுக்கு மேல் செலவாயிற்று. புளோரியன் விர்ட்ஸுக்குப் பத்துக் கோடி. மேலதிகக் கொடுப்பனவுகள் வேறு. சந்தையின் கடைசி நாளில் அலெக்சாண்டர் ஐசக்குக்குப் பன்னிரண்டரைக் கோடி. அது பிரித்தானியாவில் அதுவரை எவருக்கும் கொடுக்கப்படாத விலை. ஆனால் அதே கடைசி நாளில் நடுப் பின்காவலர் மார்க் கெஹியை வாங்கும் முயற்சி கைகூடவில்லை. முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் வென்ற அணி, செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் இறுதிவரை எல்லாப் போட்டிகளிலுமாக ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பதில் தோற்றது. ஐசக் பருவத்துக்கு முந்திய பயிற்சியின்றி வந்தவர். விர்ட்ஸ் புதிய நாட்டின் வேகத்துக்குப் பழகவேண்டியிருந்தது. நவம்பர் முடிவுவரை லீக்கில் அவர் பெயரில் ஒரு கோலும் இல்லை. இருவரையும் குறைகூறுவதில் நியாயமில்லை. ஒரே வேளையில் பல கற்களைப் பெயர்த்துப் புதுக்கற்களை வைத்தால், சுவர் இறுகக் காலம் செல்லும்.

அத்துடன் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கோடையில், 2025 ஜூலை 3ஆம் நாள், டியோகோ ஜோட்டா தம் சகோதரருடன் ஸ்பெயினில் வாகன விபத்தொன்றில் உயிர் நீத்தார். மூன்று மாதங்களுக்கு முன்னர் எவர்ட்டன் அணிக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர் அவர். அவர் அணிந்த 20ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை எனக் கழகம் அறிவித்தது. ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் அரங்கம் அவர் பெயரைப் பாடிற்று. நேற்றுவரை உடையணியும் அறையில் அருகில் அமர்ந்திருந்த நண்பனை இழந்தவர்கள் மறுவாரமே பந்தை உதைக்க நேர்ந்தது. வீரர்களை விலைப்பட்டியலில் காணும் நாம், அவர்களுக்கும் துயரம் உண்டு என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். முன்வரிசையில் ஓர் இடத்தைப் பணம் நிரப்பலாம். ஓர் அணியின் நெஞ்சில் விழுந்த பள்ளத்தைக் காலமே நிரப்ப வேண்டும்.

நான் வேண்டுவன

அப்படியாயின் ஒரு ரசிகனாக நான் வேண்டுவது யாது? முதலாவது, பின்வரிசையின் நடுவுக்கு வாரிசுகள். வான் டைக் 1991இல் பிறந்தவர். பெருமரம் நிழல்தரும் காலத்திலேயே அதன் பக்கத்தில் கன்று நடவேண்டும். சாய்ந்த பின் நட்டால் இடைவெயிலில் வாடுவோம். இளைஞனொருவன் அவர் பக்கத்தில் நின்று ஈராண்டு பழகுவதே சிறந்த பயிற்சி. ஒருவன் மட்டும் போதாது என்பதற்கு 2025 செப்டெம்பரே சாட்சி. அக்கோடையில் வாங்கப்பட்ட பதினெட்டு வயது ஜியோவன்னி லியோனி, தம் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்றார்.

இரண்டாவது, கழகத்தின் இளையோர் பயிற்சிக்கூடத்தில் நம்பிக்கை. 2024 பெப்ரவரியில் லீக் கிண்ண இறுதியாட்டத்தில், காயங்களால் அணி சிதைந்திருந்த வேளையில், குளொப் அக்கூடத்து இளைஞர்களை இறக்கினார். பெரும்பணம் கொடுத்துத் திரட்டப்பட்ட செல்சி அணியை மேலதிக நேரத்தில் அவர்கள் 1-0 என வென்றனர். கோல் வான் டைக்கினுடையது. அந்நேரம்வரை தளராது ஓடிய கால்கள் இளைஞர்களுடையவை.

மூன்றாவது, பொறுமை. இது கழகத்துக்கன்று, என்போன்ற ரசிகர்களுக்கு உரியது. புதிதாக வந்தவனை மூன்று ஆட்டங்களில் எடைபோடும் வழக்கம் ஒழிய வேண்டும். முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையைத் தவணை முடியுமுன் பரீட்சை வைத்து வெளியேற்றும் ஆசிரியரை எவரேனும் பாராட்டுவரா?

நான்காவது, பணம் யாருடையது என்ற நினைவு. 2016 பெப்ரவரியில் நுழைவுச்சீட்டின் உச்ச விலையை 77 பவுணாக உயர்த்தக் கழகம் முனைந்தபோது, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். சில நாட்களில் உரிமையாளர்கள் அம்முடிவைக் கைவிட்டனர். கப்பல்துறைத் தொழிலாளர் வளர்த்த கழகம் அது. துறைமுக நகரத்துச் சிறுவன் தந்தையின் கைபிடித்து அரங்கினுள் நுழைய இயலாதவாறு விலையேற்றித்தான் ஒரு வீரனை வாங்கவேண்டுமெனில், அந்த வீரன் இல்லாமலே தோற்பது மேல்.

இனிவரும் கோடைகளிலும் சந்தை திறக்கும், பெயர்கள் அடிபடும், நானும் என் போன்றோரும் தீர்ப்பு வழங்குவோம். அவ்வேளைகளில் கழகத்தார் யேட்ஸையும் ரொபேட்சனையும் நினைத்துக்கொள்வாராக. முன்னவர் குறையறிந்து கொணரப்பட்டவர். பின்னவர் எவரும் நாடாத இடத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டவர். அத்தகைய கண்கள் கழகத்தில் இருக்கும்வரை, பணப்பை சிறுத்தாலும் அணி சிறுக்காது.